மண்டித் தெருவின் லைன் நின்ற காலை

1. ஆடி மாதத்தில் ஒரு காலை ஏரிக்கரைத் தெருவில் ஒரு பெரியவர் இறந்துபோனார். அவருடைய மருமகள் எங்கள் கேபிள் கண்ட்ரோல் ரூமுக்குப் போன் செய்து சொன்னார்.

2. எங்கள் வழக்கப்படி அந்தத் தெருவுக்குப் போகும் டிவி லைனை நிறுத்த வேண்டும். உட்கார்ந்த இடத்திலிருந்தே கம்ப்யூட்டரில் நிறுத்தினேன். மணி ஏழு நாற்பத்திரண்டு.

3. நின்றது ஏரிக்கரைத் தெரு இல்லை. மண்டித் தெரு.

4. மண்டித் தெருக்காரர்கள் வெளியே வந்து, யார் வீட்டில் சாவு என்று ஒருவரை ஒருவர் கேட்டார்கள். யார் வீட்டிலும் இல்லை.

5. ஒரு கதவு மட்டும் திறக்கவில்லை. தட்டிப் பார்த்துவிட்டு உடைத்தார்கள்.

6. உள்ளே தனியாகக் குடியிருந்த அம்மா, அணைக்காத டிவிக்கு எதிரே நாற்காலியில் இறந்திருந்தார்.

7. இரண்டு மாதம் கழித்து, எங்கள் கேபிள் அனுமதியைப் புதுப்பிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய பேரூராட்சி மன்றம் கூடியது.

இதுதான் வரிசை. ஆனால் இரண்டாவதும் ஆறாவதும் இடம் மாறலாம். அந்த அம்மா இறந்த பிறகு நான் லைனை நிறுத்தினேனா, நான் நிறுத்திய பிறகு அவர் இறந்தாரா என்பது எனக்குத் தெரியாது.

சாவு விழுந்த தெருவில் லைனை நிறுத்துவது என் அப்பா, நைனா, கொண்டுவந்த பழக்கம். நான் பிறப்பதற்கு முன்பே அவர் செஞ்சியில் கேபிள் தொழில் ஆரம்பித்துவிட்டார். ஒருமுறை ஏதோ ஒரு வீட்டில் பிணம் கிடந்தபோது பக்கத்து வீட்டு டிவியில் காமெடி ஓடி, யாரோ சத்தமாகச் சிரித்து, பெரிய சண்டையாகிவிட்டதாம். அதற்குப் பிறகு சாவுச் செய்தி வந்தால் அந்தத் தெருவின் கம்பத்தில் ஏறி ஃபியூஸைப் பிடுங்கிவிடுவார். இறங்கி, செருப்பைக் கம்பத்தடியில் விட்டுவிட்டு, சாவு வீட்டு வாசல் வரை போவார். யாராவது ஒருவரிடம் "லைன் நிறுத்திட்டேன்" என்பார். ஒரு நிமிடம் நிற்பார். வந்துவிடுவார். பிணம் எடுத்துத் தெருவைக் கழுவிய பிறகுதான் ஃபியூஸ் திரும்பப் போகும். எந்த விதியிலும் இது எழுதியிருக்கவில்லை. ஆனால் ஊரில் யாரும் இதைக் கேள்வி கேட்டதில்லை. லைன் நின்றால் தெருவே புரிந்துகொள்ளும்.

நான் எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு வந்து பஜாரில் மாடிமேல் இருக்கும் எங்கள் கண்ட்ரோல் ரூமை எடுத்துக்கொண்டேன். முதலில் செய்த வேலை பட்டியல் போட்டது. எந்தத் தெருவுக்கு எந்தக் கம்பத்திலிருந்து லைன் போகிறது, சிக்னலைக் கூட்டித் தரும் ஆம்ப்ளிஃபயர் எங்கே, அதற்குக் கரன்ட் எங்கே. அதுவரை எல்லாம் நைனாவின் தலைக்குள் இருந்தது. ஒவ்வொரு ஆம்ப்ளிஃபயருக்கும் எண் கொடுத்து ஒட்டினேன். பிறகு ஒவ்வொன்றிலும் சிம் கார்டு போட்ட ஒரு சின்ன ஸ்விட்ச் வைத்தேன். கோட்டைக் குரங்குகள் கேபிளில் தொங்கி ஆடினாலோ, இடி இடித்தாலோ ஆம்ப்ளிஃபயர் மக்கர் செய்யும். முட்டி வலியோடு நைனா கம்பம் கம்பமாக அலைய வேண்டாம், இங்கிருந்தே அணைத்துப் போடலாம் என்பதுதான் எண்ணம். சாவுக்கும் அதே ஸ்விட்ச் போதும் என்று எனக்குத் தோன்றியது. நைனா வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அவர் ஊரில் இருந்த நாட்களில் கம்பத்தில் ஏறிக்கொண்டுதான் இருந்தார்.

சித்திரையில் தேர் ஓடியது. தேர் போகும் பாதையில் குறுக்கே இருக்கும் எல்லா லைனையும் முந்தைய நாளே கழற்றி, தேர் நிலைக்கு வந்த பிறகு திரும்பக் கட்டுவோம். அந்த வருஷம் திரும்பக் கட்டும்போது ஒரு கேபிள் நீளம் போதவில்லை. அதனால் நைனா மண்டித் தெருவை வேறொரு பக்கத்திலிருந்து, ஏரிக்கரைத் தெருவுக்கு இருந்த ஆம்ப்ளிஃபயரோடு சேர்த்துக் கட்டினார். ஏரிக்கரைத் தெருவை அடுத்த கம்பத்துக்கு மாற்றினார். இதை என்னிடம் சொன்னதாக அவர் சொல்கிறார். சொல்லியிருப்பார். நான் கம்ப்யூட்டரைப் பார்த்தபடி "உம்" கொட்டியிருப்பேன். பட்டியலில் மாற்றவில்லை.

அன்று காலை நைனா கேபிள் ஒட்டும் மிஷினை வாங்கி வர அவலூர்பேட்டைக்குப் போயிருந்தார். போன் வந்தது. பட்டியலைப் பார்த்தேன், ஏரிக்கரைத் தெரு என்று எழுதியிருந்த எண்ணை அழுத்தினேன். சாவு வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும் என்பது நினைவு இருந்தது. நைனா வந்து போய்க்கொள்வார் என்று டீ போட்டுக் குடித்தேன்.

எட்டரை மணிக்கு அதே மருமகள் மறுபடி போன் செய்தார். "இன்னாம்மா, பொணத்தாண்ட பாட்டு ஓடிக்கினு இருக்குது" என்றார். அவர் குரலில் கோபம்கூட இல்லை. அப்போதுதான் ஓடினேன். கம்பத்தைப் பார்த்து எந்த லைன் எங்கே போகிறது என்று கண்ணால் தொடர்ந்து பார்த்தபோது புரிந்தது. ஏரிக்கரைத் தெருவின் ஃபியூஸைப் பிடுங்கினேன். மண்டித் தெருவுக்குத் திரும்பக் கொடுக்கலாம் என்று போனால், அங்கே தெரு முழுக்கக் கூட்டம்.

இறந்துபோன அம்மா சத்துணவுக் கூடத்தில் அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எதிர் வீடு அவருடைய தம்பி வீடு. தம்பி மணிலா என்கிற வேர்க்கடலைக்கு மண்டி வைத்திருப்பவர், அந்த வார்டின் மன்ற உறுப்பினரும் அவர்தான். ஊரில் எல்லோரும் மண்டிக்காரர் என்றே சொல்வார்கள். அவர்களைப் பெற்ற அம்மா படுக்கையில் கிடந்தபோது யார் பார்த்துக்கொள்வது என்று வந்த சண்டையில் அக்காவும் தம்பியும் பேச்சை நிறுத்தி ஒன்பது வருஷம். அன்று காலை லைன் நின்றதும் மண்டிக்காரரும் வெளியே வந்திருக்கிறார். எல்லா வீட்டிலும் ஆள் வெளியே வந்தாயிற்று, எதிர் வீட்டைத் தவிர. ஒன்பது வருஷமாகக் கடக்காத தெருவைக் கடந்துபோய் அவர்தான் கதவைத் தட்டினார்.

அங்கே நின்றவர்கள் சொன்னதை எல்லாம் நான் பிறகு கேட்டுச் சேகரித்திருக்கிறேன். ஸ்டூல்மேல் காப்பி டம்ளர் இருந்தது என்பதில் எல்லோரும் ஒத்துப்போகிறார்கள். அதில் ஆடை படிந்திருந்தது என்றார் ஒருவர். இல்லை, டம்ளர் சுட்டது, நான்தான் எடுத்து வைத்தேன் என்றார் இன்னொருவர். கை சில்லிட்டிருந்தது என்றார்கள். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தார் என்றும் சொன்னார்கள். டாக்டர் மாரடைப்பு என்றார், கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும் என்றார். கொஞ்ச நேரம் என்றால் எவ்வளவு என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. டிவியில் சிக்னல் இல்லை என்ற எழுத்து மட்டும் திரையில் ஓரத்துக்கு ஓரம் நகர்ந்துகொண்டிருந்ததாம்.

திடீரென்று லைன் நின்றால் நம் ஊரில் எவரும் முதலில் நினைப்பது, யாரோ போய்விட்டார்கள் என்பதைத்தான். ஒரு தெருவே வெளியே வந்து கேட்டது. அந்த அம்மாவும் நாற்காலியில் உட்கார்ந்தபடி அதையே கேட்டுக்கொண்டாரா?

அன்று மாலை நைனாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முதலில் தேருக்குப் பிறகு கட்டிய லைனைத்தான் நினைத்தார், தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு, யாரிடமும் சொல்லாதே என்றார்.

சொல்லாமல் இருந்ததில் கதை தானாக வளர்ந்தது. கேபிள்காரருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கிறது என்றார்கள் சிலர். லைனே தானாக நின்றது என்றார்கள் சிலர். அதற்கு முன்பெல்லாம் லைன் போனால் எங்களுக்கு வரும் போனில் "எப்ப வரும்?" என்பார்கள். இப்போது, குரங்கு ஆடி லைன் போனாலும், எடுத்தவுடன் "யாரு?" என்கிறார்கள். பட்டப்பகலில், வெயில் பாறையைச் சுட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில், அந்த ஒரு சொல்லைக் கேட்டுக் கேட்டு எனக்கு போனை எடுக்கவே கை வராமல் போயிற்று. யாருமில்லைங்க, ஃபால்ட்தான் என்று சொல்வேன். சொல்லிவிட்டு, ஒருவேளை யாராவது இருந்தால் என்று அந்தத் தெரு வரை நடந்து போய்ப் பார்த்துவிட்டு வருவேன்.

அந்தச் சமயத்தில்தான் அனுமதி முடிந்தது. பேரூராட்சியின் விளக்குக் கம்பங்களிலும் தெருக்களிலும் கேபிள் இழுக்க மன்றம் தரும் அனுமதி அது. புதுப்பிக்காவிட்டால் ஊர் முழுக்க லைனை அவிழ்க்க வேண்டும், எங்களுக்கு வேறு தொழில் இல்லை. பாதிப் பேர் டிஷ்ஷுக்கும் போனுக்கும் போய்விட்டார்கள், தொங்குகிற கேபிள் எதற்கு என்று ஒரு பேச்சு ஏற்கெனவே இருந்தது. மண்டிக்காரர் மட்டும் எங்கள் பக்கம் உறுதியாக நின்றார். அவர் சொன்னால் இன்னும் நாலைந்து பேர் கை தூக்குவார்கள்.

கூட்டத்துக்கு நைனாவை விளக்கம் கேட்க அழைத்திருந்தார்கள். லைன் வரைபடத்தை எடுத்துக்கொண்டு நானும் போனேன். போகிற வழியில் நைனா ஒரே விஷயத்தைத்தான் சொன்னார். "லைன நிறுத்தி அக்கா தன்னக் கூப்புட்டான்னு மண்டிக்காரரு நம்பிக்கினு இருக்காரு. இருந்துட்டுப் போவட்டும் பாப்பா. அவருக்கும் நல்லது, நமக்கும் நல்லது."

கூட்டத்தில் முதலில் தொங்கும் கேபிள்களைப் பற்றிப் பேசினார்கள். ஒருவர், குழாயில் தண்ணி என்றைக்கு வரும் என்பதை வயதானவர்கள் எங்கள் லோக்கல் சேனலில்தான் பார்க்கிறார்கள் என்றார். இன்னொருவர், தேர் சமயத்தில் ஒழுங்காகக் கழற்றித் தருகிறார்கள் என்றார். சரியாகப் போய்க்கொண்டிருந்தது. பிறகு ஏரிக்கரைத் தெரு இருக்கும் வார்டின் உறுப்பினர் எழுந்தார். நடுவயதுப் பெண். இறந்துபோன பெரியவர் அவருக்குச் சித்தப்பா முறை.

"எங்க தெருவுல பொணத்த வெச்சிக்கினு இருந்தோம் தலைவரே. பக்கத்து வீட்ல குத்துப்பாட்டு. போன் பண்ணிச் சொல்லியும் இவங்க லைன நிறுத்தல. மண்டித் தெருவுல ஆள் செத்தது அந்தத் தெருவுக்கே தெரியாது, ஆனா லைன் நின்னுடுச்சு. பெரிய வீட்டு சாவுன்னா மட்டும் முன்னாடியே தெரிஞ்சுடுமா? எங்க வீட்டு சாவெல்லாம் இவங்களுக்கு சாவாத் தெரியலியா?"

யாரோ ஒருவர் சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். அந்தக் கேள்விக்கு அடியில் என்ன இருக்கிறது என்று அறையில் எல்லோருக்கும் தெரியும். எந்தத் தெரு யாருடையது என்பது இந்த ஊரில் சொல்லாமலே தெரிகிற விஷயம்.

மண்டிக்காரர் உட்கார்ந்தபடியே மெதுவாகச் சொன்னார். "பெரிய வீடு சின்ன வீடெல்லாம் இல்லம்மா. யாரும் நிறுத்தல. அது தானா நின்னுது. எங்கக்காவுக்காக நின்னுது."

செயல் அலுவலர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "இத எப்படிங்க தீர்மானத்துல எழுதறது?" என்று பொதுவாகக் கேட்டார். தலைவர் நைனாவைப் பார்த்தார்.

"நீ சொல்லுப்பா. தானா நின்னுதா, நீ நிறுத்தனியா?"

நைனா எழுந்தார். "லைனுக்கு இன்னா தெரியும் தலைவரே" என்றார். ஒரு பக்கம் ஏரிக்கரைத் தெருப் பெண் நின்றுகொண்டிருந்தார். அவர் சொன்னது உண்மை இல்லை. ஆனால் நாங்கள் வாயைத் திறக்காதவரை அது உண்மையாகவே இருக்கும். இன்னொரு பக்கம் மண்டிக்காரர் நைனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை, 'தானாகத்தான்' என்று சொல்லியிருந்தால் போதும்.

நான் வரைபடத்தை மேசைமேல் விரித்தேன். தேருக்குக் கழற்றியது, கேபிள் போதாமல் மாற்றிக் கட்டியது, என் பட்டியலில் திருத்தாமல் விட்டது, போன் வந்தது, நான் அழுத்தியது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். நைனா அன்று ஊரிலேயே இல்லை என்றேன். "ஆள் பாத்து நிறுத்தலைங்க. ஏரிக்கரைத் தெருவுக்குத்தான் நிறுத்தனேன். தப்பான தெரு நின்னுபோச்சு. தப்பு என்னுது" என்றேன். ஏதோ சர்வீஸ் ரிப்போர்ட் படிப்பதுபோல் இருந்தது, அது எனக்கே பிடிக்கவில்லை.

மண்டிக்காரர்தான் கேட்டார்.

"மணி இன்னாம்மா அப்ப?"

"ஏழு நாப்பத்திரண்டுங்க."

"எட்டு அடிக்கறதுக்கு முன்னாடி நான் கதவத் தட்டிட்டேன்." அவர் வரைபடத்தைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. "அப்ப லைன் போனப்ப அவ பாத்துக்கினு இருந்திருப்பாளா?"

"தெரியலைங்க" என்றேன்.

ஏரிக்கரைத் தெரு உறுப்பினர்தான் பேச்சைத் தொடர்ந்தார். அன்றைக்கே அந்த வீட்டு வாசலுக்கு வந்து இதைச் சொல்லியிருந்தால் விஷயம் இவ்வளவு தூரம் வந்திருக்காது என்றார். ஸ்விட்ச் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும், நிறுத்துவதானால் ஆள் நேரில் வந்து நிறுத்த வேண்டும், அப்படியென்றால் தனக்கு ஆட்சேபம் இல்லை என்றார். அதை எழுத செயல் அலுவலர் ஒரு வாசகம் கண்டுபிடித்தார். எந்தத் தெருவிலும் இணைப்பை நிறுத்தும்போது பொறுப்பாளர் நேரில் சென்று உறுதி செய்ய வேண்டும் என்று. அனுமதி, வழக்கமான காலத்துக்குப் பதில் ஒரு வருஷத்துக்கு மட்டும். கை தூக்கச் சொன்னபோது மண்டிக்காரர் ஆதரவாகவும் தூக்கவில்லை, எதிராகவும் தூக்கவில்லை. அவரை எதிர்பார்த்திருந்த நாலைந்து பேரில் இருவர் தூக்கினார்கள். தீர்மானம் நிறைவேறப் போதுமான அளவுக்கு வந்தது.

மறுநாள் ஏரிக்கரைத் தெருவுக்கு நைனாவும் நானும் போனோம். அந்த மருமகள் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். முறத்தை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டார். "அன்னிக்கு வந்து நின்னிருக்கலாம் நீ" என்றார், அவ்வளவுதான்.

ஒரு வாரம் கழித்து, மத்தியானம் கடைகள் அரைக்கதவு சாத்தியிருந்த நேரத்தில், மண்டிக்காரர் மாடி ஏறி வந்தார். கையில் ஒரு மஞ்சள் பை. அதிலிருந்து அக்கா வீட்டு செட்டாப் பாக்ஸையும் ரிமோட்டையும் எடுத்து மேசைமேல் வைத்தார். இணைப்பை ரத்து செய்ய வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"இதுல தெரியுமா?" என்றார்.

எனக்குப் புரிந்தது. நானும் அதையே நினைத்து இரவும் பகலும் கணக்குப் போட்டிருந்தேன். சிக்னல் போனால் யாராக இருந்தாலும் ரிமோட்டை அழுத்துவார்கள், ஒவ்வொரு சேனலாக மாற்றிப் பார்ப்பார்கள். சாதாரணமாக, பாக்ஸ் கடைசியாக எந்த சேனலில் இருந்தது என்பது அதற்குள் பதிவாகும். அந்த அம்மா வழக்கமாகப் பார்க்கும் சேனலிலேயே இருந்தால், ரிமோட்டைத் தொடவில்லை, ஏற்கெனவே இறந்திருக்கலாம். சம்பந்தமில்லாத ஏதோ சேனலில் இருந்தால், லைன் போன பிறகு உயிரோடு இருந்து தேடியிருக்கிறார்.

பாக்ஸை இணைத்தேன். இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பச்சை விளக்கு எரிந்தது. படம் வந்தது. எங்கள் லோக்கல் சேனல்.

முந்தைய வருஷம் ஊரில் உள்ள எல்லா பாக்ஸையும் நான் மாற்றியமைத்திருந்தேன். எப்போது போட்டாலும் முதலில் எங்கள் சேனல்தான் வர வேண்டும், விளம்பரதாரர்களுக்கு நல்லது என்று. அந்த அமைப்பில் கடைசியாகப் பார்த்த சேனல் பதிவாகாது. இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும், திரையில் வருகிறவரை, வேறு ஏதாவது வரும் என்று மனதின் ஏதோ ஒரு மூலையில் நினைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

அதை அவரிடம் சொன்னேன். அவர் திரையில் ஓடிய தண்ணீர் அறிவிப்பை முழுக்கப் படித்தார்.

"கடைசியா அவ இன்னா பாத்துக்கினு இருந்தான்னுகூடத் தெரியாதா?"

"தெரியாதுங்க. நான்தான் அப்படி செட் பண்ணி வெச்சேன்."

அவர் கொஞ்ச நேரம் ரிமோட்டைக் கையில் வைத்துப் பார்த்தார். அதில் எண்கள் தேய்ந்திருந்தன. ஒலியைக் கூட்டும் பொத்தான்தான் அதிகமாகத் தேய்ந்திருந்தது. அக்காவுக்குக் காது மந்தமாகிவிட்டதா என்று என்னிடம் கேட்டார். அவருக்கு அது தெரியவில்லை. எனக்கு எப்படித் தெரியும்? படி இறங்கிப் போகும்போது, "லைன் நின்னதாலதான் நான் அந்த வூட்டுக்குப் போனேன்" என்று சொன்னார். எனக்குச் சொன்னாரா, தனக்குச் சொல்லிக்கொண்டாரா என்று தெரியவில்லை. பாக்ஸையும் ரிமோட்டையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இப்போதைய நிலவரம் இது. அனுமதி முடிய இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. ஸ்விட்சுகளை எல்லாம் கழற்றிவிட்டேன். சாவுச் செய்தி வந்தால் நான் கம்பத்தில் ஏறுகிறேன், நைனா வாசலில் போய் நிற்கிறார். முட்டி முடியாத நாளில் இரண்டையும் நானே செய்கிறேன். மண்டித் தெருவில் அந்த வீடு பூட்டிக் கிடக்கிறது. இணைப்பு அந்த அம்மா பெயரில்தான் இருக்கிறது, ரத்து செய்யச் சொல்லி யாரும் வரவில்லை. மண்டிக்காரர் அடுத்த முறை எந்தப் பக்கம் கை தூக்குவார் என்று தெரியவில்லை. அந்த அம்மா எப்போது இறந்தார் என்பதும் தெரியவில்லை.